பனியன் துணியில் நான்கு வண்ணப் பிரிண்ட்: பெருக்கும் புள்ளியையும் கலக்காத நிறத்தையும் சரிசெய்யும் முறை

திரையில் கோதுமை நிறமாக இருந்த முகம் டி-ஷர்ட்டில் செங்கல் நிறமாக வருகிறது. மெல்ல மெல்ல வெள்ளையில் கரைய வேண்டிய வானம் பாதியில் கத்தரித்ததுபோல் நின்றுவிடுகிறது. நிழல் பகுதி முழுக்க ஒரே கறுப்புப் பட்டையாக அடைத்துக்கொள்கிறது. சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு ஸ்கிரீனில் படம் அடிக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே இந்த மூன்றையும் பார்த்துவிடுவார்கள். உடனே கை போவது இங்க் டப்பாவுக்கு. ‘மஜென்டாவைக் கொஞ்சம் குறை, மஞ்சளைக் கொஞ்சம் ஏற்று’ என்று மாற்ற ஆரம்பித்தால், நாலாவது சேம்பிளில் எதனால் எது மாறியது என்று யாருக்கும் தெரியாது.

படத்தின் நான்கு நிறமும் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் துணியில் விழுகின்றன. நிறத்தைத் தீர்மானிப்பது அந்தப் புள்ளியின் அளவு. அந்தப் புள்ளி ஃபிலிமில் ஒரு அளவு, ஸ்கிரீனில் ஒரு அளவு, துணியில் ஒரு அளவு. இந்த மூன்றில் எங்கே மாறுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கர்வ் போட்டுத் திருத்துவது, அதாவது அனுப்பும் புள்ளிச் சதவீதங்களை ஏற்றி இறக்குவது, கடைசி வேலை.

இங்கே சொல்லும் அளவுகள் வெள்ளை அல்லது வெளிர் நிற சிங்கிள் ஜெர்சியில் (160 முதல் 180 ஜிஎஸ்எம் வரை, அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிராம்), பிளாஸ்டிசால் (சூடேற்றினால்தான் இறுகும் பிளாஸ்டிக் வகை) பிராசஸ் இங்கை வைத்து, ரவுண்டு மெஷினில் ஈரத்தின் மேல் ஈரமாக அடிக்கும் வேலைக்கானவை. திருப்பூரில் வழக்கமான நீள மேசைப் பிரிண்டுக்கும் கறுப்புத் துணிக்கும் என்ன மாறும் என்பது கடைசியில் இருக்கிறது.

புள்ளி பெருப்பது என்றால்

இங்க் துணியைத் தொட்டதும் எல்லாப் பக்கமும் கொஞ்சம் பரவும். இதைத்தான் டாட் கெயின் என்கிறோம். துணியில் இதை முழுசாக ஒழிக்க முடியாது. ஒவ்வொரு ஷர்ட்டிலும் ஒரே அளவாக வரும்படி கட்டிப்போடத்தான் முடியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். எல்பிஐ என்பது ஒரு அங்குலத்தில் உள்ள புள்ளி வரிசைகளின் எண்ணிக்கை. 55 எல்பிஐ என்றால் ஒரு புள்ளிக்கான கட்டம் சுமார் 462 மைக்ரான். அதில் 50% வட்டப் புள்ளியின் ஆரம் 184 மைக்ரான். இங்க் சுற்றிலும் 20 மைக்ரான் பரவினால், அது தலைமுடியின் கனத்தைவிடக் குறைவுதான், ஆனால் 50% புள்ளி 61% ஆகிவிடும். அதே 20 மைக்ரான் 5% புள்ளியை 9% ஆக்கும். ஆக நடுத்தர நிறங்கள் 11 சதவீதப் புள்ளி ஏறும்போது வெளிர் நிறங்கள் 4 சதவீதப் புள்ளிதான் ஏறுகின்றன. முகம், மரம், மண் எல்லாம் நடுத்தர நிறங்கள். அதனால்தான் முதலில் முகம் கெடுகிறது.

எல்பிஐ கூடக்கூட இதே பரவல் அதிகமாக உறுத்தும். 20 மைக்ரான் பரவலுக்கு 35 எல்பிஐயில் 50% புள்ளி 57% ஆகும், 85 எல்பிஐயில் 68% ஆகும். ‘புள்ளி தெரியாமல் நைசாக வேண்டும்’ என்று கேட்கும் பையர்களுக்காக முதல் வேலையிலேயே 65, 75 என்று ஏற்றிக்கொள்ளாதீர்கள். 45இல் ஆரம்பித்து, அது கைக்குள் வந்த பிறகு 55க்குப் போகலாம். நெஞ்சுப் பிரிண்டைக் கை நீளத் தூரத்தில் பார்க்கும்போது 55 எல்பிஐ தாராளமாகப் போதும்.

சோதனைப் பட்டை

எந்த நான்கு வண்ண வேலைக்கும் ஃபிலிமின் ஓரத்தில் ஒரு பட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் 3, 5, 10, பிறகு பத்துப் பத்தாக 90 வரை, கடைசியில் 100. ஒவ்வொரு கட்டமும் 1 சென்டிமீட்டர் இருந்தால் போதும். பக்கத்திலேயே சயான் 50, மஜென்டா 40, மஞ்சள் 40 சேர்ந்த ஒரு கட்டமும், கறுப்பு மட்டும் 50 உள்ள ஒரு கட்டமும் வையுங்கள். மூன்று நிறம் சேர்ந்த கட்டம் சாம்பலாகத் தெரிய வேண்டும். அது சிவந்தால் மஜென்டா அதிகம் பெருக்கிறது, பச்சையடித்தால் மஜென்டா விழவில்லை, நீலம் தட்டினால் மஞ்சள் போதவில்லை. படத்தில் முகத்தைப் பார்த்து யூகிப்பதைவிட இந்த ஒரு கட்டம் சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிடும்.

பட்டையின் எண்களை அந்தந்த சேனலில் நேரடியாகக் கொடுக்க வேண்டும். ஆர்ஜிபியில் வரைந்து சிஎம்ஒய்கேவாக மாற்றினால் மென்பொருள் எண்களை மாற்றிவிடும், பட்டை பயனற்றுப் போகும்.

அடுத்து 50 மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி, அல்லது கம்ப்யூட்டரில் சொருகும் சிறிய யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் ஒன்று வேண்டும். ஒரே 50% கட்டத்தை ஃபிலிமில், கழுவிக் காய்ந்த ஸ்கிரீனில், துணியில் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். ஃபிலிமிலேயே புள்ளி பெரிதாக இருந்தால் பிரிண்டர் செட்டிங்கில் கோளாறு. ஃபிலிமில் சரியாக இருந்து ஸ்கிரீனில் சிறுத்திருந்தால் எக்ஸ்போஸில் (ஒளி காட்டி ஸ்கிரீனில் படம் பதிப்பதில்) கோளாறு. ஸ்கிரீன்வரை சரி, துணியில்தான் பெருக்கிறது என்றால் மட்டுமே மெஷினுக்கும் இங்குக்கும் போங்கள்.

கோப்பும் ஃபிலிமும்

வானம் படிப்படியாக, பட்டை பட்டையாக வருகிறதா? அது பெரும்பாலும் மெஷினின் குற்றமல்ல. ஃபிலிம் அடிக்கும் பிரிண்டரின் டிபிஐயை (அங்குலத்துக்கு அது போடும் பொட்டுகளின் எண்ணிக்கை) எல்பிஐயால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால், எத்தனை நிற அடுக்குகளை அது காட்டும் என்று தெரியும். 600 டிபிஐ லேசரில் 65 எல்பிஐ அடித்தால் சுமார் 85 அடுக்குதான். நீண்ட சரிவில் இது கண்ணுக்குத் தெரியும். 720 டிபிஐயில் 55 எல்பிஐ என்றால் சுமார் 171. 1440 என்றால் கவலையே இல்லை. படத்தின் ரெசல்யூஷன், அடிக்கும் அளவில், எல்பிஐயைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். வாட்ஸப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கி அடித்தால் எந்த மெஷும் (ஸ்கிரீனின் வலைத்துணி) காப்பாற்றாது.

வட்டப் புள்ளியைவிட நீள்வட்டப் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். சதுர வகையில் நான்கு மூலைகளும் 50%இல் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்ளும்; அந்த இடத்தில் இங்க் பாலம் கட்டி நிறம் திடீரென்று குதிக்கும். முகத்தின் கன்னத்தில் திட்டு விழுவது இதனால்தான். வட்டத்தில் இந்த முட்டல் 78% அருகே தள்ளிப்போகிறது, நிழல் அடைக்கிறது. நீள்வட்டத்தில் ஒரு ஜோடி முனைகள் 40% அருகிலும் இன்னொரு ஜோடி 60% அருகிலும் சேர்வதால் குதிப்பு இரண்டாகப் பிரிந்து மட்டுப்படும்.

புள்ளி வரிசைகளின் கோணங்களுக்கு ஆஃப்செட் அச்சகத்தின் 15, 75, 0, 45ஐ அப்படியே எடுக்காதீர்கள். மெஷில் உள்ள நூல்கள் 0 மற்றும் 90 பாகையில் ஓடுகின்றன. 0, 45 கோணங்கள் அதோடு மோதி மோரே எனும் அலைக் கோடுகள் கிளம்பும். எல்லாவற்றையும் 7.5 பாகை நகர்த்தி சயான் 22.5, மஜென்டா 82.5, மஞ்சள் 7.5, கறுப்பு 52.5 என்று வைப்பது பாதுகாப்பு. படத்தில் கறுப்பு குறைவாகவும் மஜென்டா அதிகமாகவும் இருந்தால் அந்த இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

மொத்த இங்க் அளவு, அதாவது நான்கு நிறத்தின் சதவீதமும் சேர்ந்த கூட்டல், 240 முதல் 260க்குள் இருக்கட்டும். ஆஃப்செட்டுக்குச் செய்த 300, 320 கோப்புகளை அப்படியே வாங்கி அடித்தால் நிழல் பகுதி பசைபோல் திரளும். ஜிசிஆரை நடுத்தரமாக வையுங்கள். மூன்று நிறங்களால் ஆன சாம்பலின் ஒரு பகுதியைக் கறுப்பு எடுத்துக்கொள்வதால், ஒரு நிறம் கொஞ்சம் ஏறினாலும் படம் முழுக்கச் சாயம் மாறாது.

ஃபிலிமைப் பொறுத்தவரை கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கெட்டிப் பகுதியில் ஊசிமுனை ஒளிகூடத் தெரியக் கூடாது. டிரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுக்கும் வழக்கம் ஒரு நிற எழுத்துக்குச் சரி. நான்கு வண்ணத்துக்கு வேண்டாம். லேசரின் சூட்டில் தாள் சுருங்கும், நான்கு தாளும் ஒரே அளவாகச் சுருங்காது, பிறகு ரெஜிஸ்ட்ரேஷன் (நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) எப்படிப் பிடித்தாலும் ஒரு ஓரம் விலகும்.

மெஷ், இழுவிசை, எமல்ஷன்

மெஷ் வாங்கும்போது எண்ணைச் சொல்வதோடு சென்டிமீட்டரா அங்குலமா என்றும் சொல்லுங்கள். சென்டிமீட்டருக்கு 120 நூல் என்பது அங்குலத்துக்கு 305. அங்குலக் கணக்கில் 120 என்றால் அது சென்டிமீட்டருக்கு 47தான். துளை பெரிதான கொரகொரப்பு மெஷ். இந்தக் குழப்பத்தில் வீணாகிற வேலைகள் ஏராளம்.

55 எல்பிஐக்குச் சென்டிமீட்டருக்கு 120 நூல், 34 மைக்ரான் நூல்கனம் உள்ள மெஷ் பொருந்தும். ஏன் என்றால், ஒரு புள்ளி நிற்க வேண்டுமானால் அதன் விட்டம் இரண்டு நூலும் ஒரு துளையும் சேர்ந்த அளவாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நூல் அதை முழுசாக மறைத்துவிடும், அல்லது கழுவும்போது பிடிப்பில்லாமல் போய்விடும். இந்த மெஷில் அந்த அளவு 34+49+34, மொத்தம் 117 மைக்ரான். 55 எல்பிஐயில் 5% புள்ளியின் விட்டமும் ஏறக்குறைய 117. ஆகவே 5% நிற்கும். 90 மைக்ரான் உள்ள 3% புள்ளி அங்கங்கே மட்டும்தான் விழும். வானம் கத்தரித்ததுபோல் நிற்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. 4%வரை வந்த நீலம் திடீரென்று காணாமல் போகிறது.

இதற்கு இரண்டு வழி. படத்தில் வெள்ளையில் முடிகிற சரிவுகளில் 1 முதல் 4% வரை உள்ளதை 5%க்கு உயர்த்தி, சுத்த வெள்ளையைத் தொடாமல் விடலாம். அல்லது அந்த முனையை மட்டும் சிதறல் புள்ளியாக, அளவு மாறாமல் இடைவெளி மட்டும் மாறும் முறையில் கொடுக்கலாம். உங்கள் ரிப் மென்பொருளில் (படத்தைப் புள்ளிகளாக மாற்றி ஃபிலிமுக்கு அனுப்புவது) இரண்டாவது வசதி இருந்தால் அதுதான் அழகாகக் கரையும்.

மஞ்சள் நிற மெஷையே வாங்குங்கள். வெள்ளை நூல் எக்ஸ்போஸ் ஒளியைப் பக்கவாட்டில் கடத்தி ஃபிலிமின் கறுப்புக்கு அடியிலும் எமல்ஷனை (ஒளி பட்டால் இறுகும் ஸ்கிரீன் பூச்சு) இறுக்கும். புள்ளி சிறுக்கும், சின்னப் புள்ளி மூடும். மஞ்சள் மெஷுக்கு எக்ஸ்போஸ் நேரம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவைப்படும். இதை மறந்து பழைய நேரத்திலேயே அடித்துவிட்டு ‘மஞ்சள் மெஷ் நிற்கவில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு.

இழுவிசை சென்டிமீட்டருக்கு 20 முதல் 25 நியூட்டன் இருக்கட்டும். அதைவிட முக்கியம், நான்கு ஸ்கிரீனுக்கும் இடையே 2 நியூட்டனுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. தளர்ந்த ஸ்கிரீன் ஸ்குவீஜியோடு (இங்கை இழுக்கும் ரப்பர் பட்டை) சேர்ந்து முன்னே நகரும், படம் நீளும், அந்த நிறம் மட்டும் ஓரத்தில் விலகும். டென்ஷன் மீட்டர் இல்லாத யூனிட் நான்கு வண்ண வேலையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

எமல்ஷனைக் கூர்முனை உள்ள கோட்டரால் துணியைத் தொடும் பக்கம் ஒரு தடவை, உள்பக்கம் ஒரு தடவை இழுங்கள். துணிப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கையாகக் காய வையுங்கள். மெஷ் கனத்தில் 10 முதல் 15% அளவுக்கு எமல்ஷன் துணிப்பக்கம் நிற்க வேண்டும். அதைவிட மெலிந்தால் நூலின் மேடுபள்ளம் வெளியே தெரிந்து, புள்ளியின் ஓரம் ரம்பப்பல்போல் வரும். அந்தப் பல்லிடுக்கு வழியாக இங்க் கசியும். அதைவிடத் தடித்தால் சின்னப் புள்ளிக்குள் இங்க் இறங்கி வெளியே வராது. மழைக்காலத்தில் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். மூடிய அறையில் ஈரப்பதத்தை 50%க்குக் கீழே வைத்து, 35 முதல் 40 டிகிரி இளஞ்சூட்டில் காயவிடுங்கள். அப்படிக் காயாமல் எக்ஸ்போஸ் செய்தால் கழுவும்போதே புள்ளிகள் உதிரும்.

எக்ஸ்போஸ் நேரத்தை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. ஒரே ஸ்கிரீனில், அட்டையால் மறைத்து மறைத்து, இப்போது கொடுக்கும் நேரத்தின் பாதி, முக்கால், முழுசு, ஒன்றேகால், ஒன்றரை என்று ஐந்து பட்டைகள் அடியுங்கள். கழுவும்போது உள்பக்கம் விரலால் தடவினால் வழுவழுவென்று வரக்கூடாது, அதே சமயம் 5% கட்டம் திறந்திருக்க வேண்டும். இரண்டும் பொருந்துகிற குறைந்த நேரமே உங்கள் நேரம். இரண்டும் ஒரே பட்டையில் பொருந்தவே இல்லை என்றால் ஒளி சிதறுகிறது என்று அர்த்தம். வரிசையாக டியூப் லைட் மாட்டி, மேலே ஸ்பாஞ்சும் மணல் மூட்டையும் ஏற்றும் பெட்டிகளில் இது சகஜம். பல திசையிலிருந்து வரும் ஒளி புள்ளியின் அடியில் நுழையும். ஒற்றை மூலத்திலிருந்து வரும் மெட்டல் ஹாலைடு அல்லது எல்இடி விளக்கும், ஃபிலிமின் இங்க் பக்கம் எமல்ஷனை அழுந்தத் தொடும் வேக்யூமும் இருந்தால்தான் 55 எல்பிஐ நிற்கும்.

மெஷினில்: துணியில் விழுந்த புள்ளியை வாசிப்பது

ஸ்கிரீன்வரை சரி என்று உறுதியான பிறகு ஒரே ஒரு நிறத்தை மட்டும் அடித்து லூப்பில் பாருங்கள். புள்ளி எந்த வடிவில் கெட்டிருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லும்.

எல்லாப் பக்கமும் சமமாகப் பெருத்து, வட்டம் வட்டமாகவே இருந்தால் பிரஷர் அதிகம். ஸ்குவீஜி ரப்பர் வளைந்து இங்கை அமுக்கித் தள்ளுகிறது. பிரஷரை முழுசாகக் குறைத்து, படம் சரியாக விழாத நிலைக்கே போய், அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாக ஏற்றுங்கள். படம் முழுசாக விழுகிற முதல் இடத்தில் நிறுத்துங்கள். ரப்பரின் கடினம் 70 முதல் 75 ஷோர், அல்லது நடுவில் கெட்டி ரப்பர் உள்ள 70/90/70 மூன்றடுக்கு. முனை கூராக இருக்க வேண்டும். நகத்தை ஓட்டினால் மழுங்கல் தெரியும். மழுங்கிய முனை கூடுதலாக இங்கை இறக்கும். செங்குத்திலிருந்து 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். ஒரே ஸ்ட்ரோக். ‘கொஞ்சம் வெளிறியிருக்கு, இன்னொரு இழுப்பு’ என்பது கெட்டி நிற வேலையின் பழக்கம். புள்ளியில் அது விஷம்.

ஸ்குவீஜி போகும் திசையில் மட்டும் புள்ளி வால் விட்டால் ஏதோ ஒன்று வழுக்குகிறது. ஒட்டுப் பசை காய்ந்து ஷர்ட் நகரலாம், ஸ்கிரீன் தளர்ந்திருக்கலாம், அல்லது ஸ்கிரீனுக்கும் துணிக்கும் உள்ள இடைவெளி போதாமல் இருக்கலாம். 25 நியூட்டன் இழுவிசைக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். ஸ்குவீஜி கடந்த உடனே மெஷ் துணியைவிட்டு எழும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்து மெதுவாக உரிந்தால் இங்க் இழுபடும்.

புள்ளியிலிருந்து நூல் நூலாகக் கால் முளைத்திருந்தால் இங்க் மெலிந்துவிட்டது, பருத்தி இழை வழியாக ஓடுகிறது.

புள்ளிகள் அங்கங்கே காணாமல் போய், அடுத்த ஷர்ட்டிலும் அதே இடத்தில் காணாமல் போனால் மெஷில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கார்டெட் நூலை விட கோம்ப்டு நூல் துணியில் இது குறைவு. பயோவாஷ் செய்த துணியில் இன்னும் குறைவு. துணி தேர்வு உங்கள் கையில் இல்லாவிட்டாலும், பயோவாஷ் ஆன துணியா என்று ஆர்டர் எடுக்கும்போதே கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே கர்வ் பொருந்தாது.

முதல் ஷர்ட் அருமை, முப்பதாவது கறுத்துவிட்டது என்பது தனி வகை. இதற்கு இரண்டு காரணங்கள். ஈரத்தின் மேல் ஈரமாக அடிக்கும்போது, முன்னே விழுந்த மஞ்சளும் மஜென்டாவும் அடுத்த ஸ்கிரீன்களின் அடிப்பக்கத்தில் ஒட்டி, அடுத்த ஷர்ட்டில் முத்திரை குத்துகின்றன. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். முதலில் அடிக்கும் இங்க் கெட்டியாகவும் பின்னால் வருவது சற்று இளக்கமாகவும் இருந்தால் இந்த ஒட்டல் குறையும். மஞ்சள், மஜென்டா, சயான், கறுப்பு என்ற வரிசை பொதுவாக ஒத்துவரும். ஒட்டல் படிந்தால் உலர்ந்த துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்து, இரண்டு மூன்று கழிவுத் துணியில் அடித்துவிட்டுத் தொடருங்கள்; கெமிக்கல் போட்டுத் துடைத்தால் அது புள்ளிக்குள் இறங்கி இங்கை இளக்கும். இன்னொரு காரணம் சூடு. ஃபிளாஷ் (நடுவில் சூடு காட்டி இங்கை அரைகுறையாக இறுக்கும் ஹீட்டர்) ஓடும் மெஷினில் பேலட் (ஷர்ட்டை மாட்டும் பலகை) சூடேற ஏற, பிளாஸ்டிசால் இளகிப் பரவும். காலையில் குளிர்ந்த பேலட்டில் சேம்பிள் ஓகே வாங்கி மதியம் புரொடக்ஷன் ஓட்டினால் நிறம் ஏறத்தான் செய்யும். பேலட்டை முதலிலேயே ஓட்டும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு சேம்பிள் அடியுங்கள்.

இங்க்

நான்கு வண்ணத்துக்கு பிராசஸ் இங்க் என்றே விற்கும் ஊடுருவல் இங்க்தான் (ஒளி ஊடுருவி அடியில் உள்ள நிறம் தெரியும் இங்க்) வேண்டும். சாதாரண சிவப்பையும் நீலத்தையும் மஜென்டா, சயானுக்குப் பதிலாக வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று மூடுமே தவிரக் கலக்காது. மஞ்சள் மேல் சயான் விழுந்த இடம் பச்சையாக வராமல் அழுக்கு நீலமாக வந்தால் இங்கில் மூடும் தன்மை இருக்கிறது என்று அறியலாம். ரப்பர் பேஸ்ட்டில் நிறம் கலந்து நான்கு வண்ணம் அடிக்க முயல்வதும் இதே கதைதான்.

நிறம் முரட்டுத்தனமாக இருந்தால் ரெட்யூசர் ஊற்றாதீர்கள். அது இங்கை நீர்க்கச் செய்து புள்ளியைப் பரப்பும். அதே கம்பெனியின் ஹாஃப்டோன் பேஸ் (நிறமில்லாத இங்க்) 100 பங்குக்கு 10 முதல் 15 பங்கு கலந்தால் நிறத்தின் வீரியம் குறையும், இங்கின் உடம்பு இளகாது. நான்கு நிறத்திலும் ஒரே விகிதத்தில் கலக்க வேண்டிய கட்டாயமில்லை. கறுப்பும் மஜென்டாவும்தான் பொதுவாகக் கூடுதலாகக் கேட்கும். கலந்த எடையை எழுதி வையுங்கள். கரண்டிக் கணக்கு அடுத்த ஆர்டரில் நினைவிருக்காது.

கடைசியில்தான் கர்வ்

மேலே உள்ளதெல்லாம் நிலைபெற்று, பத்து ஷர்ட் தொடர்ந்து ஒரே மாதிரி வந்த பிறகு அளக்கலாம். டென்சிடோமீட்டர் (நிற அடர்த்தியை அளக்கும் கருவி) இருந்தால், துணியின் அடர்த்தியைக் கழித்து, கெட்டிக் கட்டத்தையும் 50% கட்டத்தையும் அளவிடுங்கள். கெட்டி 1.20, 50% கட்டம் 0.50 என்று வந்தால், மரே-டேவிஸ் சூத்திரப்படி 0.684ஐ 0.937ஆல் வகுக்க 0.73. அதாவது 50% என்று அனுப்பியது 73%ஆகத் தெரிகிறது. டாட் கெயின் 23.

கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 10 எல்பிஐயில் ஒரு 50% கட்டம் அடியுங்கள். அவ்வளவு பெரிய புள்ளியில் 20 மைக்ரான் பரவல் 50ஐ 52 ஆக்குவதோடு சரி, கிட்டத்தட்ட பெருக்காது. அதை ஒட்டி 55 எல்பிஐயில் 20, 25, 30, 35, 40, 45, 50 கட்டங்களை வையுங்கள். நாலைந்து மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எந்தக் கட்டம் பெரிய புள்ளிக் கட்டத்தோடு ஒன்றிப்போகிறதோ, அதுதான் துணியில் 50 தருகிற எண். 30 ஒன்றினால், 50க்குப் பதில் 30 அனுப்ப வேண்டும். நான்கு நிறத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரே எண் வராது.

இங்கே பலர் வழுக்கி விழும் ஒரு இடம் உண்டு. ஃபோட்டோஷாப்பில் ஆஃப்செட் புரொஃபைலை வைத்து சிஎம்ஒய்கே ஆக்கினால், அந்த மாற்றத்திலேயே சுமார் 20 சதவீதப் புள்ளி டாட் கெயினுக்கான கழிவு சேர்ந்துவிடுகிறது. அதன் மேல் நீங்களும் 50ஐ 30 ஆக்கினால் இரண்டு முறை கழித்ததாகும், படம் வெளிறி உயிரில்லாமல் போகும். உதாரணத்துக்கு உங்கள் பட்டையில் 40% அனுப்பியது 62 ஆகவும், 50% அனுப்பியது 73 ஆகவும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புரொஃபைல் 50க்கு 70 வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டது. உங்கள் துணியில் 70 வருவது 47%இல். ஆக 50க்கு 47 அனுப்பினால் போதும். கழிவை எங்கே செய்வது என்று ஒரு இடத்தை முடிவுசெய்து, ரிப் மென்பொருளிலோ ஃபோட்டோஷாப்பிலோ, இன்னொரு இடத்தில் அந்த வசதியை அணைத்துவையுங்கள்.

மெஷ், எமல்ஷன், இங்க் கம்பெனி, ரப்பரின் கடினம், துணியின் வகை இவற்றில் எது மாறினாலும் பட்டையைத் திரும்ப அடித்துப் பார்க்க வேண்டும்.

மேசைப் பிரிண்டும் கறுப்புத் துணியும்

நீள மேசையில் ஒரு நிறத்தை எல்லாப் பீஸுக்கும் அடித்து முடித்துத் திரும்பி வருவதற்குள் முதல் பீஸ் ஓரளவு காய்ந்துவிடும். அதனால் அடிப்பக்க ஒட்டல் பிரச்சினை இல்லை. பதிலுக்கு வேறு இரண்டு உண்டு. தண்ணீர் சார்ந்த பிக்மென்ட் பருத்தியில் அதிகம் ஊறும். மேசையின் நடுவில் டீ குடிக்க நின்றால் சின்னப் புள்ளிகளுக்குள் காய்ந்து அடைக்கும். எல்பிஐயை 35, 40க்குள் வையுங்கள். திக்கனர் குறைவில்லாத, கெட்டியான பேஸ்ட் கலக்குங்கள். காய்வதைத் தள்ளிப்போட கிளிசரின் அல்லது யூரியா கொஞ்சம் சேர்க்கலாம். அதிகமானால் கழுவலில் நிறம் போகும். ரெயிலில் உள்ள ஸ்டாப்பர்களை ஒவ்வொரு நிறத்துக்கு முன்பும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒரு ஸ்டாப்பர் அரை மில்லிமீட்டர் ஆடினால் அந்த ஒரு பீஸில் மட்டும் முகத்துக்கு இரட்டை உதடு வரும், மேசை முழுக்க இங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கறுப்புத் துணியில் ஊடுருவல் இங்குக்கு அடியில் வெள்ளை வேண்டும். அந்த வெள்ளையும் புள்ளியாகவே இருக்க வேண்டும், ஃபிளாஷ் செய்து மிருதுவாக இருக்க வேண்டும், மேல் நிறத்தைவிட ஓரத்தில் சற்று உள்வாங்கியிருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி பெருத்தால் படம் கறுப்பதற்குப் பதிலாக வெளிறும், திருத்த வேண்டிய திசையே தலைகீழாகிவிடும். இத்தனை சிக்கலுக்குப் பதில் மூடும் தன்மையுள்ள ஆறேழு ஸ்பாட் நிறங்களாக (முன்பே கலந்து வைத்த தனி நிறங்கள்) படத்தைப் பிரித்து, எல்லாவற்றையும் 22.5 பாகை என்ற ஒரே கோணத்தில் அடிக்கும் சிமுலேட்டட் பிராசஸ் முறைதான் கறுப்புத் துணிக்கு ஏற்றது. ஸ்கிரீன் செலவு இரண்டு மடங்கு ஆகும். அதை பையரிடம் விலை பேசும்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.